மிதிக்க மறந்த வண்டி

மழை விட்டுவிட்டுத் தூறிய ஒரு வியாழக்கிழமைச் சாயங்காலம், எரானா தன் அத்தை கீரியின் வீட்டு முன்னால் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓப்போட்டிக்கி ஊரைத் தாண்டிக் கிழக்கே கடலோரமாகப் போகிற சாலையில், கடைசிக்கு முந்தின வீடு. வாசலுக்குக் கீழே புல் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கறுப்புப் பாறை. அதற்கப்புறம் கடல்தான்.

காலையிலிருந்து கிவிப் பழம் அடுக்குகிற கொட்டகையில் நின்று நின்று அவளுக்குக் கெண்டைக்கால் கடுத்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. 'பட்டம் வாங்கிட்டுப் பழம் அடுக்குறா பாரு' என்று எவனாவது வாய் திறந்தால் அவன் மூஞ்சியிலேயே பழத்தை அப்பிவிடுகிற ஆத்திரம் எந்நேரமும் அவளுக்குள் புகைந்துகொண்டிருக்கும். இன்றைக்கு அது கொஞ்சம் அடங்கியிருந்தது. சனிக்கிழமை காலையில் தங்கை மராயாவைக் கூட்டிக்கொண்டு ஆக்லாந்து போகப்போகிறாள். இரண்டு நாள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் தங்கையை மீட்டெடுக்க வேண்டும்.

அம்மா ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து மராயா வளர்வது அத்தை வீட்டில்தான். அத்தை மகள் ஹூரியாதான் அவளுக்கு எல்லாமே. போன மாதம் ஒரு காலையில் ஹூரியா அவளை எழுப்பியிருக்கிறாள்: "வாடி, கீனா எடுக்கப் போலாம்." மராயா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பாறையிடுக்கில் முள்ளுமுள்ளாய் ஒட்டியிருக்கும் கடல்முள்ளியான கீனாவுக்காகத் தனியாக மூழ்கிய ஹூரியா, உயிரோடு மேலே வரவில்லை. அன்று முதல் மராயா சாப்பாட்டைக் கொறிக்கிறாள். கடலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். ஆக்லாந்துப் பயணமே ஹூரியா போட்ட திட்டம்தான். மூன்று பேர் போவதாக இருந்தது.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கீழே இறங்கவில்லை.

"யாரோட வண்டிடி அது?"

"தெரியாத மாதிரி கேக்குற? ஹூரியாவோடதுதான். மெக்கானிக் கொட்டாயில சும்மா கெடந்துச்சு. பேட்டரி மாத்தி எடுத்தாந்துட்டேன்."

அத்தையின் முகம் வெளுத்தது.

"அத மிதிக்கலையேடி."

அந்த ஊரில் அடக்கம் முடிந்த கையோடு, பாதிரியாரும் சொந்தபந்தமும் செத்தவர் வீட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே நுழைவார்கள். தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அறையாகத் தரை அதிர மிதித்து நடப்பார்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்கப்புறம்தான் அந்த இடம் உயிரோடிருப்பவர்களுக்குச் சொந்தம். ஹூரியாவின் அறையை மிதித்தார்கள். துணி அலமாரியைக்கூட விடவில்லை. பழுதாகி மெக்கானிக் கொட்டகையில் கிடந்த வண்டி மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை.

"தகர டப்பாவுக்குமா ஜெபம்? விடு அத்தே."

"ஆமாண்டி, நீ படிச்சவ. பேயி பிசாசெல்லாம் உன் சர்ட்டிபிகேட்டப் பாத்துப் பயந்து ஓடிரும்."

"ஓடாட்டியும் ஆக்லாந்து டிராபிக்குல மாட்டிக்கும். வா உள்ள."

அடுப்படி மேசையில் டீயும் சுடச்சுடப் பொரித்த ரொட்டியும் இருந்தன. எரானா போனில் வரைபடத்தைத் திறந்து வைத்தாள். மராயா நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் ஏதோ வெளிச்சம்.

"மொதல்ல ஊரே தெரியுற அந்தக் கோபுரத்து உச்சிக்கு ஏறணும்க்கா."

"நீயா? கூரையில ஏறி இலை அள்ளச் சொன்னாலே வாந்தி எடுப்ப."

"அப்ப படகு. அக்கரைக்குப் போயி ஐஸ்கிரீம் வாங்கித் தா."

"அதுக்கு எதுக்கு ஆக்லாந்து? ஓப்போட்டிக்கியில ஐஸ்கிரீம் இல்லையா?"

மராயா சிரித்தேவிட்டாள். அத்தை திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அப்போது போன் அடித்தது. ஆக்லாந்தில் அறை பிடித்திருந்த விடுதிக்காரர்.

"மேடம், ரெண்டு பேருன்னுதான பதிஞ்சிருந்தீங்க? இப்பத்தான் உங்க அக்கா கூப்பிட்டாங்க. மூணு பேராம். கடலப் பாத்த ரூமா மாத்தச் சொன்னாங்க. மாத்திட்டேன்."

"எனக்கு அக்காவே கெடையாதுங்க."

"அப்படியா? லைன் சுத்தமா சரியில்ல. தண்ணிக்கடியில இருந்து பேசுற மாதிரி ஒரே எரைச்சல். மராயாவுக்கு ஜன்னலோரக் கட்டில் வேணும்னு மட்டும் ரெண்டு தடவ சொன்னாங்க. மராயா உங்க தங்கச்சிதான?"

தங்கையின் பேரை எரானா அவரிடம் கொடுத்திருக்கவில்லை.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். யாரோ விளையாடுகிறார்கள். பழக் கொட்டகையில் கூட வேலை செய்கிற எந்தக் கழுதையோ. நாளைக்கு அவனைக் கவனித்துக்கொள்ளலாம். மனசுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்தபோதுதான் மூக்கில் ஏறியது.

கடற்பாசி வாடை. வெயிலில் காய்ந்த பாசி அல்ல. அடியாழத்திலிருந்து அப்போதுதான் பிடுங்கிய, குளிர்ந்த, கொழகொழத்த வாடை.

"அத்தே, மீன் ஏதாவது..."

"இல்லடி," என்றாள் அத்தை. "மராயா எங்க?"

நாற்காலி காலியாக இருந்தது. பயணத்துக்கு அவள் கட்டிவைத்திருந்த துணிப்பையையும் காணோம்.

எரானா ஜன்னல் திரையை விலக்கினாள்.

மராயா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை. பெல்ட் போட்டிருந்தாள். ஓட்டுகிற இருக்கையைப் பார்த்துத் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருக்கையில் யாரும் இல்லை.

ஆனால் மராயா பக்கத்துக் கண்ணாடியில் அவள் மூச்சு பட்டு ஆவி படிவதுபோல, ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியிலும் படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

வண்டிச் சாவி எரானாவின் கைக்குள் இருந்தது.

முன்விளக்கு எரிந்தது.

எரானா எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடியைக் குத்தினாள். உள்ளே மராயா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கத்தில் இருப்பவளின் பார்வை.

"ஹூரியாக்கா வந்துட்டாக்கா. இந்தத் தடவ நான் முழிச்சிட்டேன்."

வண்டி நகர்ந்தது.

ஊருக்குப் போகும் சாலைப் பக்கம் இல்லை. சரிவுப் பக்கம். ஈரப் புல்லில் சத்தமில்லாமல், மெதுவாக, பாறையைப் பார்த்து.

"அத்தே!"

கீரி அத்தை செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கையில் தண்ணீர்ப் பாத்திரம். வண்டிக்கு முன்னால் போய் நின்று, மூக்குப் பகுதியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டாள். அவள் குதிகால்கள் சேற்றில் பள்ளம் பறித்தபடி பின்னால் வழுக்கின.

"மிதிடி! சுத்தி வந்து மிதி! ஜெபம் சொல்லு!"

எரானாவுக்கு ஜெபம் பாதிதான் ஞாபகம் இருந்தது. பாதியைச் சொன்னாள். தண்ணீரை அள்ளிக் கூரையில் அடித்தாள். வண்டியைச் சுற்றி ஓடி ஓடித் தரையை உதைத்தாள். மறந்த இடத்தில் எல்லாம், "என் தங்கச்சிய விடு, எரும! நீ செத்தா அவளும் சாகணுமா? விடு!" என்று கத்தினாள். ஜெபம் மறந்த இடத்தையெல்லாம் கோபம்தான் நிரப்பியது.

வண்டி நிற்கவில்லை.

"நீ சொல்லு அத்தே! நீ போகச் சொல்லு!"

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடக்கத்தன்று குழியருகே ஊரே கூடி நின்று, 'போ, போ, முன்னோர் இருக்கிற இடத்துக்குப் போ' என்று ஹூரியாவுக்கு விடை கொடுத்தது. பெற்றவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"எப்படிடி நான் சொல்லுவேன்... ஒத்தப் புள்ள..."

"இவ சாகப்போறா அத்தே!"

பாறையில் அலை மோதும் சத்தம் காலடியிலேயே கேட்டது. அத்தை தலையைத் தூக்கி, ஆவி படிந்த அந்தக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"போ. என் தங்கமே, போ. அம்மா சொல்றேன். போயிரு."

விளக்கு அணைந்தது.

வண்டி நின்றது. கதவு தானாகத் திறந்துகொள்ள, மராயா எரானாவின் மேல் சரிந்து விழுந்தாள். ஆள் காய்ந்துதான் இருந்தாள். உடம்பு மட்டும் பனிக்கட்டி. "ஆக்லாந்து வந்திருச்சாக்கா?" என்று கேட்டாள். எரானா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இரண்டடி தள்ளிப் போனபோது, பின்னால் அத்தையின் குரல் கேட்டது. வண்டிக் கூரையைத் தடவிக்கொடுத்தபடி, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவதுபோல, மிக மெல்ல.

"ரொம்பக் குளிருச்சுன்னா... அம்மாகிட்ட வந்துரு, கண்ணு."

பெற்ற வயிறு, அதை என்ன சொல்வது? எரானா கேட்காததுபோல் நடந்தாள்.

மறுநாள் பாதிரியார் வந்தார். வண்டியை முறைப்படி மிதித்தார்கள். அதன் இருக்கைகளிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். வண்டி வெறும் வண்டிபோலக் கிடந்தது. இருந்தாலும் எரானா அதைத் தொடவில்லை. விடுதியை ரத்து செய்தாள். நகரத்துக்கு உள்ளே, கடலே தெரியாத இடத்தில் வேறு அறை பிடித்தாள். இந்த வீட்டிலிருந்து மராயாவை எப்படியாவது வெளியே கொண்டுபோய்விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை பஸ் ஏறினார்கள். நல்ல வெயில். கூட்டம் இல்லை. கடைசி நீள இருக்கையில் எரானா ஒரு ஓரமாகவும் மராயா பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். மராயாவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. தௌரங்கா தாண்டிச் சாலை உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. கடல் மறைந்தது. புல்வெளி, மாடுகள், வேலி. எரானா முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டாள். தங்கை தூங்கிப்போயிருந்தாள். நிம்மதியான தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கழுத்து வலிக்குமே என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளத் திரும்பினாள் எரானா.

தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கம்.

காலியான இருக்கையின் மேல், வெறும் காற்றில், ஒருக்களித்து அழுந்தியிருந்தது மராயாவின் கன்னம். பஸ் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. தலை சரியவில்லை. கன்னத்தில் படிந்திருந்த முடிக்கற்றையை ஏதோ ஒன்று மெதுவாக ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிவிட்டது.