ஏழாவது வார்ப்பு

தொட்டிக்குள் ஆறு இதயங்களைத்தான் போட்டிருந்தான். ஏழு வார்ப்புகள் வெளியே வந்தன.

முன்பு லாரியில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலால் மறுபடியும் எண்ணினான். ஏழுதான். மருத்துவக் கல்லூரியின் அடித்தளத்தில் பன்னிரண்டு வருடமாக அவனுக்கு இதுதான் வேலை. தானமாக வரும் இதயங்களின் குழாய்களில் பிசினை ஏற்றி, அது கல்லாக இறுகியதும் அமிலத்தில் ஊறப்போடுவான். சதை கரைந்துபோய், ரத்தம் ஓடிய தடம் மட்டும் சிவப்பு வேர்க்கொத்தாக மிஞ்சும். நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாய்க்கு மட்டும் நீலப் பிசின். போடும்போதே ஒவ்வொன்றிலும் எண் வில்லை கட்டிவிடுவான். ஒருநாளும் தவறியதில்லை.

ஏழாவதில் வில்லை இல்லை.

கை மறதி என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைக் குழாயடியில் பிடித்தான். எப்போதும் மூக்கைக் கிழிக்கும் அமில நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, வெயிலில் ஓடிவிட்டு வந்து காலுறையைக் கழற்றி எறியும் பிள்ளையின் உப்பு வாசனை, மெல்லக் கிளம்பி மூடிய அறையெங்கும் நின்றது.

"என்னண்ணே, ஏழு இருக்கு? தொட்டி குட்டி போட்டுச்சா?"

பாடம் எடுக்கும் டாக்டரம்மா வாசலில் நின்றாள். சிரித்துக்கொண்டே குனிந்தவளின் முகம் மாறியது.

"அட, உங்க தம்பிக்கு இருந்த அதே அமைப்பு. இதயத்துக்கே ரத்தம் குடுக்கிற இடது குழாய் வலது பக்கத்துல முளைச்சு, இந்த ரெண்டு பெருசுக்கும் நடுவுல நுழைஞ்சு போகுது பாருங்க. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இருக்குமோ என்னவோ. சும்மா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஓடினா, பாரம் தூக்கினா, ரெண்டும் புடைச்சு நடுவுல இருக்கிறத நெரிச்சிடும்."

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லாரிப் பலகையில் மூட்டையோடு ஏறியவன், "அண்ணே" என்று பாதி கூப்பிட்டு விழுந்தான். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு அவன் இதயத்தை இவள்தான் காட்டினாள்.

"ரொம்பச் சின்ன இதயமா இருக்கே, பன்னெண்டு வயசுப் பிள்ளையோடதாட்டம். ஆமா, சில குடும்பத்துல தொடரும், உங்க பொண்ண ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனே?"

"பாத்தாச்சு டாக்டரம்மா. ஒண்ணும் இல்லையாம்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வயது மகளுக்கு இன்று நாலு மணிக்குத் தேர்வு ஓட்டம். முதலாவதாக வந்தால் விளையாட்டுப் பள்ளியில் இடம், சாப்பாடு, படிப்பு. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் ஓடவிட மாட்டார்கள். ஓடாவிட்டால் அவளுக்கும் மூட்டைதான். ஸ்கேன் பற்றிப் பெண்டாட்டியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

டாக்டரம்மா வகுப்புக்குப் போய்விட்டாள். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

வார்ப்பை மேசையில் வைக்கப் போனவனின் கட்டைவிரல் உள்ளே அமுங்கியது. கல்லாக இருக்க வேண்டிய பிசின் மெத்தென்றிருந்தது. வெதுவெதுப்பாகவும். அந்த இடுக்கில், நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் தட்டையாகப் பிதுங்கிப் போன மெல்லிய குழாயில், எதுவோ விரலைத் தட்டியது.

நின்றது. மறுபடி தட்டியது.

ஒரு கையால் போனை எடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"நல்ல நேரத்துக்குக் கூப்பிட்டீங்க. உங்க சிட்டு கோட்டுல நிக்கிறா."

"அவள ஓட வேண்டாம்னு சொல்லு."

"என்ன?"

"நிறுத்துடி அவள! இழுத்துட்டு வா!"

"பைத்தியமா உங்களுக்கு? காலையில நீங்கதானே தட்டிக்கொடுத்து..."

விசில். கூட்டத்தின் இரைச்சல். தொடர்பு அறுந்தது.

விரலுக்கடியில் துடிப்பு ஓட ஆரம்பித்தது. மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல முதலில், பிறகு மழையே விழுவதுபோல. நீலக்குழாய் புடைத்தது. சிவப்பும் புடைத்தது. இரண்டும் நடுவில் இருந்ததை நெருக்கின. துடிப்பு தடுமாறியது. ஒன்று விட்டது. இன்னொன்று.

போனைப் போட்டான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இடுக்கில் சொருகினான். லாரிப் பலகையைத் தூக்கும் பலத்தோடு விலக்கிப் பிடித்தான்.

துடிப்பு திரும்பி வந்தது.

விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தோள் நடுங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. வெதுவெதுப்பு மெல்லக் குறைந்தது. பிசின் இறுகத் தொடங்கியது.

விரல்களைச் சுற்றி. நகத்தின்மேல். முதல் கணு வரை.

இப்போது உருவினால் வந்துவிடும். உருவினால் இடுக்கு மூடிக்கொள்ளும்.

அவன் உருவவில்லை.

தரையில் கிடந்த போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. வீட்டம்மா. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பிசின் கல்லானது. ஒவ்வொரு வேரும் சில்லிட்டு, சிவந்து, அசையாமல். அதற்குள் மாட்டிய இரண்டு விரல் நுனிகளில் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவளுடையதா, தன் விரலுடையதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தான். போன் மூன்றாவது முறை அடித்தது.