துணைக்கு வாங்கிய குஞ்சு

கோழிக்குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது. எப்போது நிறுத்தியது என்று மணிகண்டராஜுக்குத் தெரியவில்லை. சாயங்காலத்திலிருந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கடியில் ஓலைக்கூடைக்குள் கிடந்து கீச்கீச்சென்று உயிரை வாங்கிய சனியன், இப்போது மூச்சுக் காட்டவில்லை. காலால் கூடையை அசைத்துப் பார்த்தான். உள்ளே ஏதோ லேசாக உருண்டது.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். அப்பா பலவேசம் செத்தது சனிக்கிழமை மத்தியானம். வீட்டில் இன்னோர் உயிரை இழுத்துக்கொள்ளாமல் இருக்க, பாடையில் துணைக்குக் கட்டிவிட என்று அக்கா வள்ளித்தாய் அந்தக் குஞ்சை வாங்கிப் போட்டிருந்தாள். அது முந்திக்கொண்டது. சரி, அப்பாவுக்குத் துணை கிடைத்துவிட்டது, இனி நமக்கு ஒன்றும் வராது என்று அவனுக்கு வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி வந்தது.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் மாரீஸ்வரன் விடிந்த பிறகுதான் வந்து சேருவான். "அப்பா மொகத்த ஒரு தடவயாச்சும் பாக்கணும்டா. கெடாம வச்சிரு" என்று போனில் அழுதிருந்தான். வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து எம். புதுப்பட்டி முழுக்கக் கரண்டு போனது. ஜெனரேட்டர் எல்லாம் திருவிழாவுக்குப் போயிருந்தது. சித்திரை வெக்கையில் பிணம் எத்தனை மணி நேரம் தாங்கும்? டிரை ஐஸ் வையுங்கள், தண்ணீர் விடாமல் புகையாகவே போய்விடும் என்றார் ஒருவர். எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சிவகாசியில் ஐஸ்கிரீம் கடைக்காரர் கையை விரித்தார். மீன்கடையில் சாதா ஐஸைக் காட்டினார்கள். கடைசியில், விருதுநகரில் கல்யாண மேடைக்குப் புகை விடுகிற மகேஷ்குமாரிடம், மறுநாள் முகூர்த்தத்துக்கு வரவழைத்த முப்பது கிலோ இருந்தது.

"ரிசப்ஷனுக்காண்ணே?"

"துட்டி வீட்டுக்குப்பா. எங்க அப்பா."

மகேஷ்குமார் தெர்மாகோல் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டான். "கையால தொட்ராதீகண்ணே, தோலு உரிஞ்சிரும். அடைச்ச ரூம்புல வைக்காதீக, மூச்சு முட்டும்."

"பட்டாசு மருந்துலயே பொளைக்கிற ஆளுக நாங்க. ஐஸுக்குப் பயப்படச் சொல்றியாக்கும்?" என்று அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டு வந்தான். தீக்குப் பயந்தே வளர்ந்தவனுக்கு ஐஸ் என்ன செய்துவிடும்!

குளிர் வெளியே போனால் அண்ணன் வருவதற்குள் எல்லாம் கரைந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தினான். கதவிடுக்கில் நனைந்த சாக்கைத் திணித்தான். பெஞ்சைச் சுற்றியும் அடியிலும் கட்டிகளை அடுக்க, வெள்ளைப் புகை தரையோடு தரையாக வழிந்தது. "தாத்தாவுக்கு ஏசி போட்டாச்சுப்பா" என்றாள் ஆறு வயது மகள் கீர்த்திகா. வெக்கையில் புழுங்கியிருந்த அவளும், அவன் மனைவி அனுப்பிரியாவும், அக்காவும் அந்தக் குளுமையில் பாயை விரித்துப் படுத்ததும் தூங்கிப்போனார்கள். பிணத்தைத் தனியே விடக்கூடாது. தலைமாட்டு விளக்கும் அணையக்கூடாது. அதற்காக அவன் மட்டும் நாற்காலியில் விழித்திருந்தான்.

சம்பங்கி மாலை வாடுகிற வாசமும், ஊதுபத்திச் சாம்பலும், மூக்கின் உள்ளே புளிப்பாகக் குத்துகிற புதியதொரு நெடியும் கலந்து கிடந்த அறையில், சார்ஜ் போன போனை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவனுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. அசதி என்று நினைத்தான். கண் சொருகியது.

"ஏலே... கதவத் தெறந்து போடுலே."

விருட்டென்று நிமிர்ந்தான். அப்பாவின் குரல். பட்டாசு ஆலையில், அறைக் கதவுகளைச் சாத்தாதீர்கள் என்று முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்திய போர்மேன் குரல். பெஞ்சைப் பார்த்தான். அப்பாவின் வாயைத்தான் துணியால் கட்டியிருக்கிறதே!

அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. சனிப் பிணம் எழுந்து போகப் பார்க்கிறது. குஞ்சு போதவில்லை போலிருக்கிறது. கதவைத் திறக்கவே கூடாது. தட்டுத்தடுமாறிப் போய்ச் சாக்கை இன்னும் அழுத்தித் திணித்தான்.

திரும்பினால், விளக்கு குன்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் நிறைய இருந்தது. காற்றே இல்லை. சுடர் நீலமாகி, சுருங்கி, அணைந்தது.

இருட்டு.

சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தான். நின்ற இடத்தில் நன்றாக எரிந்தது. திரியில் வைக்கக் குனிந்தான். அணைந்தது.

இன்னொன்று. எரிந்தது. குனிந்தான். அணைந்தது.

தீப்பெட்டி ஊரில் பிறந்தவன். மழையில் நனைந்த குச்சியையும் பற்றவைப்பவன். மூன்றாவது குச்சியைக் கண்ணெதிரே பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினான். இடுப்பு வரை எரிந்தது. முழங்காலுக்கு வந்ததும், யாரோ ஊதியது போல் போனது.

அப்போதுதான் அது உறைத்தது. குறட்டை கேட்கவில்லை.

"அக்கா."

பாய் இருந்த பக்கம் திரும்பினான்.

"அனு... ஏ அனு. கீர்த்தி, அப்பா கூப்பிடுதேன்ல. எந்திரி தாயி."

பெட்டியை அவசரமாக இழுத்தான். குச்சிகள் தரையில் சிதறின. ஒன்று மட்டும் மிஞ்சியது. கிழித்தான். இந்த முறை குனியவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

தரை முழுக்க வெள்ளைப் புகை, ஒரே போர்வையாக. அதற்கு மேலே நான்கு முகங்கள், ஒரே அமைதியில். கீர்த்திகாவின் கை கோழிக்கூடையின் மேல் கிடந்தது.

அப்பாவின் வாய் மூடியிருந்தது. கட்டாத மூன்று வாய்களும் திறந்திருந்தன.