முழுப்பெயர்

முக்குளிக்கும் முகக்கண்ணாடியைக் கழுவ முழங்கால் ஆழக் கடல்நீரில் குனிந்து, முகம் தண்ணீரைத் தொட்டபோதுதான் மெய்-சியூவுக்கு அந்தச் சத்தம் கேட்டது: கடலுக்கடியில் மாணவர்களைக் கூப்பிடப் பயிற்சியாளர் தன் காற்றுச் சிலிண்டரைத் தட்டும் சத்தம். டங், டங், டங். நிமிர்ந்து பார்த்தாள். பயிற்சியாளர் ஆ-ஹாவ் கரையில் நின்று பாக்கு மென்றுகொண்டிருந்தார். மூன்று சிலிண்டர்களும் அவர் காலடியில் கிடந்தன.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். செத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடும் மாதம் என்பதால் அந்தத் தைவான் தீவில் யாரும் கடலில் இறங்குவதில்லை. முக்குளிப்பு வகுப்பில் இரண்டே பேர்: மெய்-சியூவும், ஹுய்-டிங் என்ற கல்லூரிப் பெண்ணும்.

ஆ-ஹாவ் மணலில் பிஸ்கட்டும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிட்டார். "தண்ணிகிட்ட முழுப்பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. செத்ததுங்க காதுல விழுந்தா அந்த ஆளையே இழுத்துக்கும். ஆன்ட்டி, நீங்க முள்ளங்கி. நீ தவளை."

"நான் ஏன் கோச் தவளை?"

"அந்தக் கண்ணாடிய மாட்டிட்டு மூஞ்சியப் பாரு, தெரியும்."

ஹுய்-டிங் விழுந்து விழுந்து சிரித்தாள். யூனும் இப்படித்தான் சிரிப்பாள். மெய்-சியூவின் மகள் யூன், போன கோடையில் இதே இடத்தில் முதல் வகுப்புக்கு இறங்கினாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. கடலில் போனவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரைப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை என்பார்கள். மெய்-சியூ மற்றவர்களைப்போலக் கடலாமை பார்க்க வரவில்லை.

மறுபடி குனிந்தாள். உப்பும் ரப்பரும் நாறிய தண்ணீரில் வாயை வைத்துத் தன் முழுப்பெயரைச் சொன்னாள். லியாவ் மெய்-சியூ. நான்தான். என்னை எடுத்துக்கொள்.

டங், என்றது. மிகப் பக்கத்தில்.

அந்த நேரம் பார்த்து, கரையில் துண்டும் இஞ்சித் தேநீருமாக நின்ற ஹுய்-டிங்கின் அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. கோபம் வந்தால் எல்லா அம்மாக்களும் கத்துவதுபோலக் கத்தினாள்.

"சியெ ஹுய்-டிங்! எத்தனை தடவ சொல்றது, தண்ணில ஆடாம ஏறி வந்து டீயக் குடிடி! சியெ ஹுய்-டிங்!"

ஆ-ஹாவ் பாக்கைத் துப்பிவிட்டு அவசரமாக இன்னோர் ஊதுபத்தி கொளுத்தினார். தண்ணீருக்குள் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

மூவரும் ஆழத்துக்கு இறங்கினார்கள். தன் மூச்சே யாரோ காதருகில் விடும் மூச்சுபோல இரைய, வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பலாகி, காதுக்குள் அழுத்தம் ஏற ஏற, மெய்-சியூ மணலில் மண்டியிட்டாள். காற்றுத் தீர்ந்த தோழிக்கு உதவும் பயிற்சி. எதிரே ஹுய்-டிங் கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள்: காற்று இல்லை.

அடிமணல் கிளம்பியது. எல்லாம் கலங்கல்.

ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. சில்லென்ற கை. சுண்டுவிரல் கோணல். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து யூன் உடைத்துக்கொண்ட விரல்.

மெய்-சியூ தன் வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கழற்றி நீட்டினாள்.

அந்தக் கை அதை வாங்கவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல, மெதுவாக அவள் வாயிலேயே திருப்பி வைத்தது. பிறகு விட்டது.

கலங்கலில் ஏதோ உதைத்தது. ஒரு முறை. மறுபடி.

அமைதி.

மேலே வந்தார்கள். மூன்று தலைகள். ஆ-ஹாவ் எண்ணிப் பார்த்து, பெருமூச்சு விட்டுக் கரையேறினார்.

"டிங், இந்தா துண்டு. உதடெல்லாம் நீலமாப் போச்சு பாரு!"

ஹுய்-டிங் கண்ணாடியைக் கழற்றினாள். துண்டோடு நிற்பவளை முன்பின் தெரியாதவளைப்போலப் பார்த்தாள். திரும்பி, முழங்கால் தண்ணீரில் நின்ற மெய்-சியூவிடம் வந்து, இரண்டு கைகளையும் அவள் கழுத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள். ஐந்து வயதிலிருந்து யூன் செய்வது.

"மா, ரொம்பக் குளிருது."

"என்னடி செய்ற அங்க?" துண்டு வைத்திருந்தவளின் குரல் இறங்கியது. "டிங்?"

டங், டங், டங். மெய்-சியூவின் கால் எலும்பில் அது அதிர்ந்தது. ஆழத்திலிருந்து. நிதானமில்லாமல், பயந்துபோய், புதிதாகக் கற்றுக்கொண்ட ஒருத்தி தட்டுவதுபோல.

ஆ-ஹாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும்.

மெய்-சியூ அந்தக் குளிர்ந்த கைகளின்மேல் தன் கைகளை வைத்துப் பொத்திக்கொண்டாள்.