மாமனாரின் துப்பாக்கி

ஜோவன்னா கொடுத்த பிஸ்கட்டைக் கடித்ததும் செரினாவின் நாக்கில் எண்ணெய் கசந்தது. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் மாதிரி ஒரு வாசனை. ஏழு வயது மகளின் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். விரலெல்லாம் அதே வாசனை.

"எங்கடி கைய வச்ச?"

"தாத்தா தொடைக்கச் சொன்னாங்க மம்மி." சொல்லிவிட்டு, தம்பி ஜோனா இருந்த அறைக்குள் ஓடிவிட்டாள்.

தாத்தா மரியஅந்தோணியை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. ஒரு காலத்தில் கிராஞ்சிப் பண்ணையில் காவலுக்கு இருந்தவர். அவர் மெத்தைக்கடியில் உரிமமில்லாத ரைஃபிள் ஒன்று இருந்தது போன ஞாயிற்றுக்கிழமை அறையை ஒழித்தபோதுதான் தெரிந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் என்கிற இந்த ஊரில், துப்பாக்கி. செரினா அன்றைக்கே போலீஸுக்குப் போன் போடத் துடித்தாள். கணவன் வேய்ன்தான், லீவு கிடைக்கட்டும், வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிடலாம் என்று தடுத்தான். அதுவரை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்க, ராணுவச் சேவையில் கற்ற வித்தையையெல்லாம் இறக்கினான். அது இல்லாமல் சுடவே முடியாத போல்ட்டைக் கழற்றித் துணி அலமாரியில் வைத்தான். மூன்று தோட்டாக்கள் சமையலறை மேல்தட்டு மைலோ டின்னுக்குப் போயின. துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியை வீட்டுக்குள்ளிருந்த குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையான ஷெல்டருக்குள் தள்ளி, குண்டு விழுந்தாலும் அசையாத அந்தக் கனத்த கதவுக்கும் ஒரு பூட்டுப் போட்டான். சாவிகள் செரினாவின் கழுத்துச் சங்கிலியில்.

"கேம்ப்லகூட இவ்வளவு பூட்டு இல்ல லா," என்று தன்னையே மெச்சிக்கொண்டான். அதை நம்பி நான்கு இரவுகள் நிம்மதியாகத் தூங்கியதை நினைத்து இப்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மணி ஐந்துதான். ஆனாலும் மழை எதிர் அடுக்குமாடி பிளாக்கை மறைத்துவிட்டதில் வீடு பொழுது சாய்ந்ததுபோல் இருண்டு கிடந்தது. நனைந்த சிமெண்ட் வாசனைக்கும் மின்விசிறியின் கிறீச்சுக்கும் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கும் அடியில், ஷெல்டர் பக்கமிருந்து, இரும்பின்மேல் யாரோ துணியை நிதானமாக இழுப்பதுபோல் ஒரு ஓசை வந்து வந்து நின்றது.

வேய்னுக்குப் போன் போட்டு, ஜோவன்னாவின் கையிலிருந்த எண்ணெய் வாசனையைச் சொன்னாள்.

"சாவி ஒன் கழுத்துலதானே இருக்கு?"

"இருக்கு."

"பூட்டு?"

"போட்டபடியேதான் இருக்கு. ஆனா உள்ள சத்தம் கேக்குதுங்க."

"மழை சத்தமா இருக்கும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டா முடிஞ்சிரும். பயப்படாத."

போனை வைத்துவிட்டு நாற்காலி போட்டு ஏறி மைலோ டின்னைத் திறந்தாள். தோட்டாக்கள் இரண்டு. மறுபடி எண்ணினாள். இரண்டுதான்.

அலமாரியில் போல்ட்டைச் சுற்றியிருந்த துண்டு மட்டும் கிடந்தது.

ஷெல்டர் பூட்டில் சாவியைப் போட்டதும் ஓசை நின்றது. கதவை இழுத்தாள். கோடாலித் தைல வாசனை. மாமனார் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம். பெட்டியில் பூட்டு அப்படியே இருந்தது. திறந்தாள்.

காலி.

"ஃபைவ்... சிக்ஸ்..."

பிள்ளைகள் அறையிலிருந்து ஜோனாவின் குரல்.

ஓடினாள். நான்கு வயது ஜோனா சுவரைப் பார்த்து நின்று, கண்களைப் பொத்திக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒளிந்து விளையாடுகிறார்கள். ஜோவன்னா கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தில் ரைஃபிளின் கட்டை. ஒரு கண் மூடியிருந்தது. குழல் தம்பியின் முதுகைப் பார்த்திருந்தது.

"செவன்... எய்ட்..."

கத்த வாயெடுத்தாள். கத்தினால் பிள்ளை திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் விரல் அழுத்திவிடும். செரினா ஓசைப்படாமல் குனிந்து கையை நீட்டினாள்.

"நைன்..."

விசையில் கிடந்த ஜோவன்னாவின் குட்டி விரல்மேல், அவளுக்குப் பின்னால் இருட்டிலிருந்து நீண்ட சுருங்கிய விரல் ஒன்று மெல்லப் படிந்தது.

"டென்," என்று சொல்லிக்கொண்டே ஜோனா சிரித்தபடி திரும்பினான்.