மூன்றாவது பேஸ்

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டதாகத் தம்பி சொன்ன பிறகும் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. பெரிய சத்தமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் வலியைப் பொறுப்பது மாதிரி. மரம் அறுக்கும் பேண்ட்சா மிஷினின் அடிச்சக்கரக் குழிக்குள் குத்துக்காலிட்டிருந்த மைதீன் பாட்சாவுக்குக் காதைவிட முழங்காலில்தான் அது முதலில் தெரிந்தது.

"ஏலே அமீனு, எறக்கிட்டியாலே?"

"எறக்கிட்டேண்ணே." சுவருக்கு அந்தப் பக்கம், போர்டு அறையிலிருந்து அல் அமீனின் குரல்.

காலையிலிருந்து இதே பாடுதான். சுவிட்சைத் தட்டினால் உறுமும், சுற்றாது, கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். பேரிங்கைப் பார்த்தாயிற்று, ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்தாயிற்று. சங்கரன்கோவில் தறிக்கூடங்களில் எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் மைதீனைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, சொந்த மரமில்லில் முழித்துக்கொண்டிருந்தான்.

தம்பி காலையிலேயே சொல்லிவிட்டான். "இன்னைக்கு மிஷின் ஓடுனா இருக்கேன். இல்லன்னா நாளைக்குத் தம்மாமுக்கு பிளைட் ஏறிருவேன். என்னால இனி இழுபட முடியாதுண்ணே."

மரத்தை ஒருவன் தள்ள வேண்டும், எதிரே ஒருவன் வாங்க வேண்டும். எதிரே தம்பி இல்லாத மில்லை மைதீனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அத்தா மௌத்தான பிறகு அவனுக்கென்று இருந்தது இவன் ஒருவன்தான். விடக் கூடாது, என்ன செய்தாவது நிறுத்திவிட வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஓய்ந்த பிறகுதான் கோளாறு பிடிபட்டது. கரண்டின் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. மெயினை இறக்கிவிட்டு மூன்றாவது பியூஸ் கட்டையை உருவிச் சுரண்டச் சொல்லித் தம்பியை அனுப்பினான். போன கொஞ்ச நேரத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெயின் இறங்கிய சத்தம் என்றே நினைத்துக்கொண்டான்.

இப்போது டெஸ்ட் லாம்பை எடுத்து மோட்டாருக்கு வரும் வயர்களில் வைத்துப் பார்த்தான். முதல் பேஸில் பல்பு எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. குப்பென்று வியர்த்தது.

"ஏலே, லைன் இருக்குலே! எதை எறக்குன?"

"எறக்கிட்டேண்ணே."

அதே குரல், அதே இழுவை. தம்பி இத்தனை பொறுமையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

மூன்றாவதில் வைத்தான். பல்புக்குள் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. சற்றுமுன் பார்த்தபோது அதுகூட இல்லை.

மரத்தூள் வாசத்துக்கு நடுவே இன்னொரு வாசம் குழிக்குள் இறங்கியது. காயில் கம்பியின் வார்னிஷ் கருகுகிறதோ என்று மோட்டாரிடம் மூக்கைக் கொண்டுபோனான். அங்கே இல்லை. சுவர்ப் பக்கமிருந்து வந்தது, முடி பொசுங்குகிற வாசம். யா அல்லா, வார்னிஷாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"அமீனு?"

"ஆங்ண்ணே."

"பியூஸ் கட்டை கையில இருக்கா?"

"கை உள்ள இருக்குண்ணே."

சிவந்த நூல் மஞ்சளானது. பிறகு வெள்ளை. முனகல் நின்றது. சக்கரம் அசைந்தது.

மைதீன் குழியிலிருந்து எகிறினான். ரம்பம் வேகம் பிடித்தது. துளி நடுக்கமில்லை. புது மிஷின்கூட இப்படி ஓடாது. ஓடிவிட்டது, தம்பி இருப்பான் என்று ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அது வந்ததற்காகத் தன்னையே வைதுகொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினான்.

போர்டு அறை இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்தான்.

பியூஸ் கட்டை தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில், மேல் கவ்வியில் ஒரு கை. கீழ்க் கவ்வியில் ஒரு கை. விரல்கள் கரி. அல் அமீன் போர்டோடு ஒட்டி நின்றான். பல் கிட்டி, வாய் பூட்டியிருந்தது.

கைகளைத் தட்டிவிடக் காய்ந்த பலகை ஒன்றை எடுத்து ஓங்கினான்.

"தட்டாதண்ணே."

உதடு அசையவில்லை. குரல் பின்னாலிருந்து வந்தது. மிஷின் பக்கமிருந்து.

"தட்டுனா ஓட்டம் நின்னுரும்."

திரும்பினான். காலையில் பாதியில் நின்ற வேப்பந்தடி தானாக நகர்ந்தது. ரம்பம் அதைக் கிழித்தது. அறுபட்ட பலகை அந்தப் பக்கம் விழவில்லை. அந்தரத்தில் நின்றது.

"தள்ளுண்ணே. நா வாங்குதேன். எங்கனயும் போகமாட்டேன்."

பலகையின் விளிம்பில், பச்சை மரம் கருகி, விரல் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.