நெற்றிக்காசின் தரம்

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் யாராவது செத்தால், உடலை உர ஆலைக்கு அனுப்பிய கையோடு, குளிக்கக்கூடச் செய்யாமல் பிள்ளைகள் தரக்கடைக்கு ஓடுவார்கள். இறந்தவரின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய்க் காசு பஞ்சில் பொதிந்து அவர்கள் கையில் இருக்கும். காசில் பிடித்த நெற்றி வியர்வைப் படிவு காய்ந்து உதிர்வதற்குள் தரம் பார்த்துவிட வேண்டும். அழுகையெல்லாம் அப்புறம்தான். அங்கே அது யாருக்கும் விகாரமாகப் படவில்லை.

அன்று வரிசையில் நின்ற பதினாறு பேரில் கோமதிநாயகம் ஒருவன்தான் சாவு வீட்டிலிருந்து வராதவன். அவனுடைய அப்பா ஆவுடையப்பன் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பூமியிலிருந்து மடியில் முடிந்துகொண்டு வந்த காசை, சும்மா என்ன தரம் என்று பார்க்கலாமே என்று எடுத்து வந்திருந்தான். சும்மாவாம்! மேல்தளத்தில் சன்னல் வைத்த வீடு ஒன்று காலியாகியிருந்தது. சன்னலைத் திறக்க முடியாது, ஆனால் பூமி தெரியும். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்தது காலியாக நாலைந்து வருஷம் ஆகும்.

காசுகளை வாங்குகிறவர்கள் மனிதர்கள் அல்ல, வியாழனின் நிலாக்களில் சுரங்கம் வெட்டும் இயந்திரங்கள். செல்வம் கொழுத்துப்போய், பொழுதுபோக்காகப் பழைய காசுகளைச் சேகரித்தன. பளபளக்கும் புதுக்காசை அவை நொடிக்கு ஆயிரம் அடித்துத் தள்ளும். அதனால் அதற்கு அங்கே மதிப்பில்லை. மனிதக் கை உரசிய தேய்மானத்தையும், வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த தோல்படிவையும் மட்டும் அவற்றால் செய்ய முடியவில்லை. அந்தப் படிவைப் படித்து, எழுபதுக்கு இத்தனை என்று தரம் சொல்லி, பளிங்குச் சிமிழில் அடைத்து முத்திரை வைக்கும் கருவிக்குத் தரக்கண் என்று பெயர்.

தரக்கண் காசைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு" என்றது. "இப்போதே என்னிடம் விற்றால் இரண்டு மாதத் தண்ணீருக்கு ஆகும். ஏலத்துக்கு அனுப்பினால் நான்கு மாதத்துக்கு ஆகலாம். ஆனால் ஏலம் முடிய ஒரு வருடம் பிடிக்கும்."

"முன்னால போனவருக்கு அறுபத்திநாலுன்னியே?"

"அது நெற்றிக்காசு, ஐயா. சாகும் நேரத்துப் படிவு. அரிதானது. அதற்கு மேல்தளத்தில் வீடே கிடைக்கும்."

கோமதிநாயகம் கருவியை நெருங்கி நின்றான். "எங்கப்பாவுக்கு எம்பத்தாறு வயசு."

"வாழ்த்துகள்" என்றது தரக்கண். "விற்க அவசரமில்லை."

வீட்டு வாசலிலேயே அவன் மனைவி உலகம்மை மறித்துக்கொண்டாள். "என்ன சொல்லுச்சு?"

"இப்ப வித்தா ஒண்ணும் தேறாது. பொறுத்தா சன்னல் வீடு."

"எதுக்குப் பொறுக்கணும்?"

அவன் உள்ளறையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். உள்ளே பெரியவர் கஞ்சிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"மாசக் கடைசிக்கு இருவத்தாறு நாள்தான் இருக்கு" என்றாள் உலகம்மை. பாவிகள், அத்தோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

குடியிருப்பின் முதியவர்கள் பலரையும்போல ஆவுடையப்பனுக்கும் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இடுப்பில் கட்டிய குருதிச்சலவைப் பெட்டிதான் அவருக்கு உயிர். மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரான மகன் அதில் விரல் வைத்தால் போதும், அடுத்த மாதம் முழுக்க ஓடும். விரல் வைக்க மறந்தால் குற்றமில்லை. குடியிருப்புச் சட்டத்தில் மறதிக்குத் தண்டனை எழுதப்படவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் அப்பா அம்மா இருந்திருப்பார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மாதக் கெடு முடிந்து பெட்டி நின்றது, விரல் கேட்டுக் கூவத் தொடங்கியது.

"எய்யா, பொட்டி கூப்பிடுது பாரு."

"பாத்துக்கிடுதேன்ப்பா."

மறுநாளும் கூவியது. மூன்றாம் நாள் கோமதிநாயகம் அதன் ஒலியைக் குறைத்து வைத்தான். பெரியவருக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். வந்தவர்களிடம் அவரே, "அவனுக்கு வேலை சாஸ்தி, மறந்துருதான்" என்று மகனுக்காகப் பரிந்து பேசினார். அதைக் கேட்டும் அவன் மனம் இளகவில்லை. நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் அவர் நெற்றியில் உப்புப் பொடி வெள்ளையாகப் பூத்தது. படிவு நன்றாகப் பிடிக்கட்டும் என்று, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கோமதிநாயகம் காசை எடுத்து வைத்தான். அதன் குளிர்ச்சியில் பெரியவர் கண் திறந்தார்.

"எய்யா, நான் இன்னும் போகலயே."

"தெரியும்ப்பா. தூங்குங்க."

அவர் சொன்னபடி கேட்டார். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

தரக்கடை வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை முழுக்க நீண்டிருந்தது. கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம். காசுக்கு மவுசு ஏறிவிட்டது, நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். நினைப்புக்கென்ன.

தரக்கண் ஒருமுறை பார்த்தது. "பதினொன்று."

"சரியாப் பாரு. நெத்திக்காசு. எங்கப்பாது."

"நெற்றிக்காசுதான். யூரியா உப்புப் படிந்திருக்கிறது. சலவைப் பெட்டி நின்று எட்டு நாளில் இறந்திருக்கிறார். சரிதானே?"

அவன் பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

"குற்றமாகச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் வந்துபோன பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு காசு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் இதே பெட்டி நின்ற படிவு. இயந்திரங்கள் சலித்துவிட்டன. மிகச் சாதாரண வகை என்று வகுத்துவிட்டன. ஒரு வாரத் தண்ணீருக்கு ஆகும். தரட்டுமா?"

"அரிதுன்னு நீதான சொன்னே?"

"அன்றைக்கு அரிதுதான்."

பின்னால் நின்றவர் சீக்கிரம் என்று தோளைத் தட்டினார். கோமதிநாயகம் நகரவில்லை. அப்பாவும் போனார், வீடும் போனது, கையில் பதினொன்று. அவன் கல்லாப் பலகையை ஓங்கிக் குத்தினான். குத்தியது அப்பாவுக்காக இல்லை.

"இப்ப எதுக்குத்தான் மதிப்பு?"

"நன்றாகக் கவனிக்கப்பட்டு இறந்தவர்களின் படிவுக்கு. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு, தினமும் எண்ணெய் தேய்த்த தலை. அறுபத்தொன்பது தரலாம். ஆனால் இந்த வருடம் அப்படி ஒரு காசும் வரவில்லை."

"இந்தக் காசே ஆகுமா?"

"ஆகும். மேல் படிவுதான் கணக்கு. கவனிப்பு படிவில் தெரிய மூன்று வருடமாவது வேண்டும்."

காசைத் திரும்ப வாங்கிப் பஞ்சில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். வரிசையை விட்டு விலகியதும் உலகம்மையைச் செவிப்பேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னான். அவள் அழுதாள், பூமி தெரியும் சன்னலுக்காக. அழுது முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தான்.

"ஏ, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஒங்கம்மா முதியோர் கொட்டடில தனியாத்தான கெடக்காவ? நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருவோம். வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, எண்ணெய், ஒரு கொறையும் வைக்காமப் பாத்துக்கிடுவோம்."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் உலகம்மை கவலையோடு கேட்டாள்: "அதெல்லாம் சரிங்க. அப்படிப் பாத்துக்கிட்டா எங்கம்மா சீக்கிரத்துல சாகமாட்டாளே?"