அடுப்படித் தரை

தங்கச் சுரங்கத்தில் பம்பு ஓட்டும் வேலை கிடைத்த கணவனோடு அவள் அந்த மலைக் குடியிருப்பில் வந்து இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பெனி கொடுத்த வீட்டுக்குள் மட்டும் ஈரமண் வாசனை. கூடவே எதுவோ கருகிய நெடி.

கணவன் வேலைக்குக் கிளம்பிப் போனான். அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்படித் தரைக்குக் கீழே யாரோ தட்டினார்கள்.

எலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எலி இப்படி விட்டுவிட்டுத் தட்டுமா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினாள். துணி உதறிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

"உன் வீட்டுக்குக் கீழயா?"

"ஆமாக்கா. என்னக்கா அது?"

"நம்ம வீடுங்களுக்குக் கீழதான் சுரங்கம் ஓடுது. பல வருஷம் முன்னாடி அதுக்குள்ள தீப்பிடிச்சுது. தீ பரவிச் சுரங்கம் இடிஞ்சா தங்கம் போயிடும்னு, ஆளுங்க உள்ள இருக்கும்போதே வாயை சிமெண்ட் போட்டு அடைச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் உள்ளதான். தட்டிக்கிட்டே இருந்தாங்க. காத்து சத்தம்னான் மேனேஜர். வயித்துப் பொழப்பு, ஊரே ஆமான்னுச்சு."

அக்காவின் குரல் இறங்கியது.

"இத்தனை வருஷமா தரையில காதை வெச்சுப் படுக்கிறேன். எனக்கு ஒரு தட்டு கேக்கல. இன்னிக்கு வந்த உனக்குக் கேக்குதா?"

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. பாதி இரக்கம், பாதி பயம்.

"வேணும்னா வீட்டை மாத்திக்கலாமாக்கா?"

மாலைக்குள் சாமான்கள் இடம் மாறின. அக்கா அடுப்படியில் மண்டியிட்டுத் தரையைத் தட்டினாள்.

"நான்தான் வந்திருக்கேன்" என்று கிசுகிசுத்தாள்.

அதுவரை அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கீழே நின்றது.

மறுநாள் அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் கணவன் கதவை உடைத்தான்.

யாரும் இல்லை.

ஜன்னல் கம்பி அசையவில்லை. தரையில் ஒரு கீறல் இல்லை. அடுப்படி நடுவில் அக்காவின் செருப்பு ஜோடி.

"எவன் கூடவாவது ஓடியிருப்பா" என்றான் மேனேஜர். ஊர் அதற்கும் ஆமாம் போட்டது. அடுத்த குடும்பம் வர வேண்டுமே. தரைக்குப் புதுசாக சிமெண்ட் பூசச் சொல்லிக் கொத்தனாரை அனுப்பினான்.

பூச்சு காய்ந்ததா என்று பார்க்க வந்த கொத்தனார் வாசலுக்கே திரும்பி ஓடி வந்தார். சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களே பாருங்கம்மா" என்றார்.

தரை முழுக்க உள்ளங்கைகள். மேலிருந்து அழுத்திய குழிகள் அல்ல. கீழிருந்து முட்டிப் புடைத்தவை. எல்லாம் பெரிய பெரிய ஆண் கைகள்.

நடுவில் ஒன்று மட்டும் பெண்ணின் கை.